வலையும் தூண்டிலும்: மீன்பிடிப்பில் போட்டி நன்றா, ஓய்வு நன்றா?

உலகில் எத்தனையோ தொழில்கள் இருக்க, நம் ஆண்டவர் தம் முதற் சீடர்களைத் தேடிச் சென்ற இடம் ஓர் ஏரிக்கரை. இராயப்பரும் பெலவேந்திரரும் வலை வீசிக் கொண்டிருந்தனர். யாகப்பரும் அருளப்பரும் தந்தையோடு படகில் அமர்ந்து வலைகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தனர். அன்று முதல் இன்று வரை படகும் வலையும் மீனும் திருச்சபையின் நினைவை விட்டு அகன்றதில்லை. ஆகவே மீன்பிடித்தல் பற்றிய கேள்வி ஒன்று நம் வீடுகளில் எழும்போது, அதனை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடலாகாது.

அத்தகைய கேள்வி ஒன்று இப்போது எழுந்திருக்கிறது. நகரத்துப் பங்குகளில் வாழும் இளைஞர் பலர் தூண்டிற்கோல் வாங்குகின்றனர். விடுமுறை நாள்களில் எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு எனக் கழிமுகங்களை நாடிச் செல்கின்றனர். கைப்பேசியில் அவர்கள் காண்பவையோ மேலை நாடுகளின் மீன்பிடிப் போட்டிகள். யார் பிடித்தது பெரியது, யார் பிடித்தது அதிகம் என்று நிறுத்துப் பார்த்துப் பரிசு வழங்கும் ஆரவாரத்தில் அவர்கள் மனம் ஈடுபடுகிறது. "நாமும் அப்படி ஒரு போட்டி நடத்தினால் என்ன?" என்கிறான் மகன். "கரையில் அமைதியாக அமர்ந்து மனத்தை ஆற்றிக் கொள்ளவன்றோ தூண்டில்?" என்கிறார் தந்தை. மீனவக் குடும்பத்தில் பிறந்த தாயோ, "மீன் வயிற்றுக்கல்லவா? அதில் விளையாட்டு எங்கிருந்து வந்தது?" என வியக்கிறாள். இம்மூவருள் யார் சொல்வது சரி? பழவேற்காட்டு ஏரியை முன்னிறுத்திச் சற்றே ஆராய்வோம்.

ஏரியும் அதன் மக்களும்

ஒரிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதியே தமிழகத்திற்கு உரியது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இக்கழியில் இறாலும் நண்டும் மடவையும் கெளுத்தியும் கிழங்கானும் வளர்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாய் வந்து தங்குகின்றன. தமிழகப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

வரலாற்றிலும் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. 1515-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரால் எழுப்பப்பட்டதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயம் இங்கேதான் உள்ளது. ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை நிறுவியதும் இங்கேதான். ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்தது காட்டுப்பள்ளி. கொசத்தலை ஆற்றின் கழியும் எண்ணூர் முகத்துவாரமும் அதன் அண்டை. இங்குள்ள குப்பங்களின் வாழ்வு நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்த்தே நடந்து வந்திருக்கிறது.

தூண்டிலோடு வரும் நகர இளைஞன் இந்நீரை விளையாட்டுத் திடலாகக் காண்கிறான். குப்பத்து மீனவனுக்கோ அதே நீர் வயலும் களஞ்சியமும் ஆகும். இவ்விரு பார்வைகளும் மோதாமல் ஒத்துப்போக வழியுண்டா என்பதே நம் ஆராய்ச்சியின் உள்ளீடு.

போட்டியின் கதை

இன்று உலகெங்கும் பேசப்படும் மீன்பிடிப் போட்டிகளின் முன்மாதிரி அமெரிக்காவில் தோன்றியது. 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதில் 1967-ஆம் ஆண்டு ரே ஸ்காட் என்பவர் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு பெரும் போட்டியை நடத்தினார். மறு ஆண்டே அதற்கெனச் சங்கம் ஒன்றும் தொடங்கினார். 1971-இல் மீடு ஏரியில் நடந்த முதல் 'கிளாசிக்' போட்டியில் வென்றவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு. பிடித்த மீன்களையெல்லாம் கொன்று குவித்தால் ஏரி என்னாகும் என்ற கவலை எழவே, 1972 முதல் மீன்களை உயிரோடு காத்து, நிறுத்தபின் நீரில் விடும் வழக்கத்தை ரே ஸ்காட் பரப்பினார். போட்டியில் இறங்கியோர் எல்லாரும் இரக்கமற்றோர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் பணமும் புகழும் புகுந்த இடத்தில் சோதனையும் உடன் புகுந்து விடுகிறது. 2022 செப்டம்பரில் ஈரி ஏரியை ஒட்டி நடந்த ஒரு போட்டியில், நிறுவையில் முதலாவதாக வந்த மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது ஈயக் குண்டுகள் வெளிவந்தன. எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக இருவர் அவற்றை மீனுக்குள் திணித்திருந்தனர். மறு ஆண்டு நீதிமன்றத்தில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனையும் பெற்றனர். மன அமைதிக்காக எடுத்த தூண்டில் மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய விந்தையை என்னென்பது!

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கேளுங்கள். அதே பாஸ் மீனில் உலகப் பெருஞ்சாதனையாகப் பல்லாண்டு நிலைத்து நிற்பது 1932 சூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த மீன். அதன் எடை 22 இறாத்தல் 4 அவுன்சு; அதாவது பத்துக் கிலோவுக்கும் சற்று மேல். அது நாடெங்கும் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். இருபது வயது ஏழை உழவரான பெர்ரி, மழையால் உழவு நின்றுபோன அன்று மீன்பிடிக்கப் போனார். பிடித்ததை நிறுத்தார், எடையைப் பதிவு செய்தார், பின்னர் வீட்டிற்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சமைத்து உண்டார். 2009-இல் சப்பானியர் ஒருவர் பீவா ஏரியில் அவருக்கு நிகரான மீனைப் பிடித்தார் என்பது தவிர, எத்தனையோ போட்டிகளும் கருவிகளும் வந்த பின்னும் அந்த எடை இன்னும் முறியடிக்கப்படவில்லை. இரவு உணவுக்காகப் போன ஓர் ஏழையின் கையில் அது அகப்பட்டது!

கொடுவா சொல்லும் பாடம்

பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் தூண்டிற்காரர் நாடும் மீன் கொடுவா. ஆங்கிலத்தில் இதனையும் 'பாஸ்' என்றே கடலோடு சேர்த்து அழைப்பர். ஆனால் அமெரிக்கப் போட்டிகளின் மீன் வேறு, நம் கொடுவா வேறு. இரையைப் பாய்ந்து கவ்வும் வீரமும், தூண்டிலில் மாட்டியபின் நீரைக் கிழித்துத் துள்ளும் வலிமையும் கொண்ட மீன் இது. சுவையிலும் விலையிலும் முன்னிற்பது. ஆகவே போட்டி நடத்த விழைவோர் கண் இதன்மேல் விழுவதில் வியப்பில்லை.

ஆனால் படைப்பின் இறைவன் இம்மீனுக்குள் வைத்துள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின், வயதும் எடையும் கூடிய நிலையில் பெண்ணாக மாறி முட்டையிடுகிறது. ஒரு தாய்மீன் பல இலட்சம் முட்டைகளை இடும். முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் முட்டை பொரிய, குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து வளர்கின்றன. ஆக, மிகப் பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் ஒரு தாய் என்றே பொருள். மிகப் பெரிய மீனுக்கே பரிசு என்று அறிவிக்கும் போட்டி, அறியாமலேயே தாய்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் போட்டியாகி விடுகிறது!

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டனர். இன்று பண்ணைகளில் அது வளர்க்கப்படுகிறது. ஆயினும் ஏரியில் இயல்பாகப் பெருகும் கொடுவாவுக்கு முகத்துவாரமும் தாய்மீனும் இல்லாமல் வழியில்லை.

தூண்டிற்காரரால் நன்மையே விளைந்ததில்லை என்று சொல்வதும் நீதியாகாது. 1873-இல் சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலம் முதல் காவிரியின் 'மாசீர்' என்னும் பெருங்கெண்டை தூண்டிற்காரரின் கனவாக இருந்து வந்தது. அதன் கூனல் முதுகு இனம் 2018-இல், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வினம் எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பதை அறிஞர்கள் கண்டறிய உதவியவை, பிடித்து விட்ட மீன்களைப் பற்றித் தூண்டிற்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த குறிப்பேடுகளே. நீரை நேசித்து, பார்த்ததை உண்மையாய் எழுதி வைப்பவன் நீருக்குக் காவலனாகவும் ஆகலாம்.

ஓய்வுக்கும் ஓர் அறம் உண்டு

அப்படியானால் போட்டியை விட்டு ஓய்வுக்காக மட்டும் மீன்பிடிப்பது குற்றமற்றதா? திருச்சபை ஓய்வைப் பழித்ததில்லை. அக்குவினா நகர்ப் புனித தோமையார் தம் பெருநூலில் விளையாட்டைப் பற்றித் தனியாகவே ஆராய்கிறார். உடல் களைப்புற்றால் உறக்கம் வேண்டுவதுபோல் உள்ளம் களைப்புற்றால் விளையாட்டு வேண்டும் என்பது அவர் கருத்து. அளவோடு விளையாடுவதை ஒரு புண்ணியமாகவே அவர் எண்ணுகிறார். ஆனால் மூன்று எல்லைகளைக் காட்டுகிறார்: விளையாட்டு இழிவானதாகவோ பிறருக்குத் தீங்கு தருவதாகவோ இருத்தல் கூடாது, உள்ளத்தின் சமநிலை குலைதல் கூடாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியதாக இருத்தல் வேண்டும்.

துறவி காசியான் கூறும் பழங்கதை ஒன்று பலரும் அறிந்ததே. புனித அருளப்பர் ஒரு கவுதாரியைக் கையில் வைத்து வருடிக் கொண்டிருந்தாராம். வில்லோடு வந்த வேடன் ஒருவன், இத்துணைப் பெரியவர் இப்படி விளையாடலாமா என வியந்தானாம். வில்லை எப்போதும் வளைத்தே வைத்திருப்பாயோ என்று அவர் கேட்க, அப்படி வைத்தால் அதன் வலிமை கெட்டுவிடும் என்றானாம் வேடன். மனித உள்ளமும் அப்படியே என்றாராம் அருளப்பர். புனித பிரான்சிஸ்கு சலேசியாரும் இக்கதையை எடுத்துக் கூறியிருக்கிறார்.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 138-ஆம் சட்டம், குருக்கள் வேட்டையில் ஈடுபடலாகாது என்றும், ஆரவார வேட்டையை ஒருபோதும் மேற்கொள்ளலாகாது என்றும் விதித்தது. அச்சட்டம் மீன்பிடித்தலைக் குறிப்பிடவில்லை. ஆரவாரம் மிக்க வேட்டை வேறு, அமைதியான தூண்டில் வேறு என்ற உணர்வு நெடுங்காலமாகவே கிறிஸ்தவ மக்களிடம் இருந்து வந்திருக்கிறது. 1653-இல் ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய தூண்டில் நூல் இன்றளவும் வாசிக்கப்படுவது இவ்வுணர்வின் காரணமாகவே.

ஆனால் அமைதியான தூண்டிலின் முனையிலும் ஓர் உயிர் துடிக்கிறது என்பதை மறக்கலாமா? உண்பதற்காகப் பிடித்தல் ஒன்று. துடிப்பதைப் பார்த்து மகிழ்ந்து, படம் எடுத்து, மீண்டும் நீரில் எறிதல் மற்றொன்று. சுவிட்சர்லாந்தில் 2009 முதல் நடைமுறையில் உள்ள விதி, திரும்ப விடும் நோக்கத்துடனேயே மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதைத் தடை செய்கிறது. செருமானியச் சட்டமோ, தக்க காரணமின்றி எந்த விலங்குக்கும் வேதனை விளைவிக்கலாகாது என்கிறது. விடுவது இரக்கம் என்று அமெரிக்கர் கருத, விடுவதற்காகவே பிடிப்பது கொடுமை என்று சுவிசு மக்கள் கருதுகின்றனர். இரு சாராரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: இவ்வுயிரை நான் ஏன் தொடுகிறேன்? தூண்டில் எடுக்கும் ஒவ்வொருவனும் விடை கூற வேண்டிய கேள்வி அன்றோ இது?

ஏரி மக்கள் கண்ட மூன்றாம் வழி

இனி, போட்டியும் அன்று, பொழுதுபோக்கும் அன்று என்று சொல்லத்தக்க ஒரு முறையைப் பார்ப்போம். அதனை வகுத்தவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். பழவேற்காட்டுப் பட்டினவர் சமூகத்து மீனவர்களே அதற்குச் சொந்தக்காரர். அதன் பெயர் பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி ஓதம் பாயும் குறுகிய இடங்களில் இறால் மிகுதி. பிற இடங்களில் குறைவு. கம்பு நட்டு விரிக்கும் சுத்து வலைகளை ஒரே இடத்தில் எல்லாரும் கட்ட இயலாது. போட்டி என்று விட்டிருந்தால் என்னாகும்? வலியவன் நல்ல இடத்தைப் பிடித்திருப்பான். எளியவன் கரையில் நின்றிருப்பான். நாள்தோறும் கம்பும் கத்தியும் மோதியிருக்கும். இதனைத் தவிர்க்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ஓர் ஒழுங்கை மேற்கொண்டனர். இடங்கள் வரையறுக்கப்பட்டன. தலைக்கட்டுக் கணக்கின்படி குழுக்கள் அமைந்தன. சீட்டுப் போட்டு முறை வகுக்கப்பட்டது. இன்று நல்ல இடத்தில் வலை கட்டிய குழு நாளை அடுத்த இடத்துக்கு நகரும்; இன்று வெறுங்கையோடு திரும்பியவருக்கு நாளை நல்ல இடம் வரும். வல்லமைக்கு அங்கே பரிசில்லை, முறைக்கே மதிப்பு. நடுவூர் மாதாகுப்பம் என்ற பெயரிலேயே நம் அன்னையின் நினைவு இருக்கிறது என்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் கழியிலும் இம்முறை பாடு என்ற பெயரிலேயே வழங்குகிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கம்பு நட்டு வலை கட்டும் கத்தோலிக்க மீனவர், தம் சங்கங்களின் வழியே சீட்டுப் போட்டு இடங்களைப் பங்கிட்டு வந்துள்ளனர். 1958-இல் அவர்களுடைய முறை அரசு ஒழுங்குவிதியாகவே ஏற்கப்பட்டது.

பாடு என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வலையில் விழுந்ததை மீனவர் மீன்பாடு என்பர். உழைத்து வருந்துவதையும் பாடு என்கிறோம். நம் ஆண்டவர் நமக்காக ஏற்ற துன்பங்களையும் திருப்பாடுகள் என்றே வணங்குகிறோம். கிடைத்த மீனும், பட்ட துன்பமும், பங்கிட்ட முறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இம்முறை குறையற்றது என்று நாம் புகழ வேண்டியதில்லை. பாடு உரிமை குறிப்பிட்ட ஊர்களுக்கும் குறிப்பிட்ட சமூகத்துக்குமே உரியது. ஏரிக்கரையில் வாழும் தாழ்த்தப்பட்டோருக்கும், நீரில் அமிழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்கும் அச்சீட்டில் இடமில்லை. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியபின் புதியோர் பலர் ஏரிக்குள் இறங்க, பூசல்களும் எழுந்தன. உள்ளே இருப்போர்க்குள் நீதி செய்யும் முறை, வெளியே நிற்போர்க்கும் நீதி செய்தாக வேண்டும். அந்தியோரின் பசியைக் காணாத பங்கீடு கிறிஸ்தவப் பங்கீடு ஆகாது. ஆயினும் இயற்கை தந்ததைப் போட்டியிட்டுப் பறிப்பதைவிட முறைவைத்துப் பகிர்வதே மேல் என்ற உண்மையை ஏரி மக்கள் வாழ்ந்து காட்டியிருக்கின்றனர். நம் இளைஞர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

இன்று நடக்கும் பெரும் போட்டி

தூண்டிற்காரனுக்கும் வலைகாரனுக்கும் இடையே உள்ள போட்டி சிறிது. அதனினும் பெரிய போட்டி ஒன்று இக்கரையில் நடந்து வருகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கிற்று. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தன. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தம் பழைய குடியிருப்பை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். 2013 முதல் இயங்கும் அத்துறைமுகம் 2018-இல் கைமாறியது. அதனைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்தன. 2021-இலும் 2023-இலும் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளி வைக்கப்பட்டன. கடற்கரை அரிப்பும், முகத்துவாரம் தூர்ந்து போதலும் மீனவரின் நீங்காத கவலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழியில் பரவியபோது, படகும் வலையும் கறுத்து, பல நாள் தொழில் நின்றது.

நாட்டுக்குத் துறைமுகமும் மின்சாரமும் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அவற்றின் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்பது நம் கடமை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் இணைந்தே ஒலிப்பதை நமக்கு உணர்த்தியது. தாய்க் கொடுவா முட்டையிடும் முகத்துவாரம் அடைபட்டுப் போனால், போட்டிக்கும் மீனில்லை; ஓய்வுக்கும் மீனில்லை; குப்பத்து அடுப்புக்கும் மீனில்லை. ஆகவே தூண்டில் எடுக்கும் இளைஞன் ஏரியின் நலனுக்காகக் குரல் கொடுப்பவனாகவும் இருத்தல் வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, தூண்டில் விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்ற பெற்றோர்க்குச் சில கூறுவோம்.

முதலாவது, உண்ணும் அளவுக்கே பிடிக்கக் கற்றுக் கொடுங்கள். மிகச் சிறியதை வளர விடுங்கள். மிகப் பெரிய கொடுவா அகப்பட்டால் அது தாய் என எண்ணி, ஈரக் கையால் பிடித்து, காலம் தாழ்த்தாது நீரில் விடுங்கள்.

இரண்டாவது, பங்கின் இளைஞர் போட்டி ஒன்று வேண்டுமென விரும்பினால், எடைக்கும் எண்ணிக்கைக்கும் பரிசு வைக்க வேண்டாம். தரையில் குறி வைத்துத் தூண்டில் வீசும் போட்டி பல நாடுகளில் தனி விளையாட்டாகவே நடக்கிறது. அதில் எவ்வுயிரும் வருந்துவதில்லை. திறமைக்கும் இடமுண்டு, சிரிப்புக்கும் இடமுண்டு. பந்தயப் பணம் மட்டும் எக்காலும் வேண்டாம்.

மூன்றாவது, ஊராரைக் கேட்டே நீரில் இறங்குங்கள். பாடு இடங்களில் தூண்டில் போடுவது பிறர் வயலில் கதிர் அறுப்பதற்கு ஒப்பாகும். பறவைகள் புகலிடத்தில் வனத்துறையின் விதிகளை அறிந்து நடங்கள். மீனவப் பெரியவரை ஐயா என்று அழைத்து, அருகில் அமர்ந்து, காற்றையும் ஓதத்தையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கைப்பேசியும் தராத அறிவு அங்கே கிடைக்கும்.

நான்காவது, அறுந்த தங்கூசியைக் கரையில் எறியாதீர்கள். அது மக்காது, பறவையின் காலிலும் மீனவன் வலையிலும் சிக்கித் துன்பம் தரும்.

ஐந்தாவது, உல்லாசத்திற்காகப் படகு கேட்டு மீனவரை நெருக்காதீர்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, மகிழ்ச்சியாய்ச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தை எந்தக் குடும்பமும் மறவாதிருக்கட்டும்.

ஆறாவது, ஞாயிறு திருப்பலிக்குப் பின்னரே தூண்டில். முத்துக்குளித்துறையிலும் குமரிக் கரையிலும் பல கத்தோலிக்க ஊர்களின் மீனவர், ஒரு நாள் வருமானம் போயினும் ஞாயிறன்று கடலுக்குச் செல்லாத வழக்கத்தைக் காத்து வந்துள்ளனர். கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. மனிதர்க்கு ஓய்வு வேண்டுவதுபோல் கடலுக்கும் ஓய்வு வேண்டும். உழைத்துப் பிழைப்போரே இத்தனை தியாகத்தோடு ஓய்வைப் போற்றும்போது, ஓய்வுக்காகவே வருகிற நாம் ஆண்டவரின் நாளை மறந்து தூண்டிலோடு விடியற்காலையில் புறப்படுவது அழகாகுமா?

கரையில் காத்திருப்பவர்

உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் திபேரியாக் கடலருகே கண்ட நிகழ்ச்சியை அருளப்பர் தம் நற்செய்தியின் இறுதியில் வரைந்துள்ளார். அன்று இராயப்பர் மீன்பிடிக்கப் போகிறேன் என்று புறப்பட்டது போட்டிக்காக அன்று; கலங்கிய மனத்தோடு பழகிய நீரைத் தேடிப் போனார் எனலாம். மற்றவரும் உடன் சென்றனர். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. விடியலில் ஆண்டவர் சொற்படி வலை வீச, 153 பெரிய மீன்கள் விழுந்தன. வலை கிழியவில்லை. யார் அதிகம் பிடித்தார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கரையில் கரி நெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் ஆயத்தம் செய்து, எழுவரையும் உணவுக்கு அழைத்தவர் ஆண்டவர். லூக்காஸ் கூறும் மற்றொரு மீன்பாட்டிலும், மிகுதியைக் கண்ட சீடர் அதனைத் தமக்கென்று மறைக்கவில்லை. அடுத்த படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தனர்.

மகன் கேட்ட திறமைக்கும் இங்கே இடமுண்டு. தந்தை விரும்பிய அமைதிக்கும் இடமுண்டு. மீன் வயிற்றுக்கு என்ற தாயின் சொல்லும் நிறைவேறுகிறது. அடுத்த படகை அழைக்கும் உள்ளம் இருந்தால் மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அவ்வுள்ளம் இல்லாதவன் பரிசு பெற்றாலும் அன்றிரவு அவன் வலை வெறுமையே. தூண்டில் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கும், வலை பிடிக்கும் நம் சகோதரருக்கும் அவ்வுள்ளத்தைத் தந்தருளுமாறு மகிமை மாதாவின் வழியாக மன்றாடுவோம்.